பல கிளையண்ட்களுக்கு லிங்க்ட்இன் வழியாக லீட் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்கு மட்டும் வாடிக்கையாளர் தேடுவது ஒரு வேலை. நான்கைந்து கிளையண்ட்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேடித் தருவது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதைச் செய்கிற ஃப்ரீலான்சர்களும் சிறு ஏஜென்சிகளும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது மெசேஜ் டெம்ப்ளேட்டையும் டூலையும்தான். அவற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கிறேன். யாருடைய பெயரில் பேசுகிறோம், வந்த பதில் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் தொடங்கினால், எவ்வளவு நல்ல டெம்ப்ளேட் கையில் இருந்தாலும் வேலை மனக்கசப்பில்தான் போய் நிற்கும்.

லீட் என்று எதைச் சொல்வது? கிளையண்ட் ஒன்று நினைக்கிறார், நான் ஒன்று நினைக்கிறேன்.

வேலை தொடங்கும் முன்பே இதை எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். நீங்கள் 300 பெயர்கள் கொண்ட எக்செல் ஷீட்டை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். கிளையண்ட் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், “மீட்டிங் எத்தனை?” என்று கேட்பார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை, பேசிக்கொள்ளாததுதான் தப்பு.

நான் மூன்று படிகளாகப் பிரிப்பேன். பொருத்தமானவர் என்று நாமாகக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்தவர் வெறும் ப்ராஸ்பெக்ட். நாம் அனுப்பியதற்கு அவராகப் பதில் எழுதி, தனக்கு அப்படியொரு தேவை இருப்பதைக் காட்டினால் அவர் லீட். நாளும் நேரமும் குறித்துப் பேச ஒப்புக்கொண்டால் மீட்டிங். கட்டணம், ரிப்போர்ட், எதிர்பார்ப்பு எல்லாம் இந்த மூன்றில் எதை வைத்து என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

‘பொருத்தமானவர்’ என்பதற்கும் எல்லை கட்டுங்கள். துறை, நிறுவனத்தின் அளவு, பதவி, நாடு என்று வழக்கமாகக் கேட்பதோடு நிறுத்தாமல், யாரெல்லாம் வேண்டாம் என்றும் கேளுங்கள். ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவர்கள், கிளையண்டின் விற்பனைக் குழு இப்போது பேசிக்கொண்டிருப்பவர்கள், போட்டியாளர்கள், முன்பு மனத்தாங்கலாகிப் பிரிந்துபோனவர்கள் எல்லோரும் இந்த ‘தொடர்புகொள்ளக் கூடாத பட்டியலில்’ வருவார்கள். பத்து வருட வாடிக்கையாளருக்கு “எங்கள் நிறுவனத்தை அறிமுகம் செய்துகொள்கிறோம்” என்று செய்தி போனால், அதைச் சமாளிக்க வேண்டியவர் கிளையண்ட்.

இதற்கு லிங்க்ட்இன்தான் வேண்டுமா?

எல்லாத் தொழிலுக்கும் வேண்டாம். 2003ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய இந்தத் தளம் 2023 நவம்பரில் 100 கோடி உறுப்பினர்களைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. எண்ணிக்கையைவிட முக்கியமானது, தன் பதவியையும் நிறுவனத்தையும் ஒருவர் தானாகவே எழுதி, வேலை மாறும்போது தானாகவே திருத்தியும் வைக்கிறார் என்பது. வெளியில் விலைக்கு வாங்கும் எந்தப் பட்டியலிலும் இந்தப் புதுமை இருக்காது.

ஆனால் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் தினமும் உள்ளே வருவதில்லை. கிளையண்டின் இலக்குத் துறையில் முடிவெடுக்கும் 30 பேரை நீங்களே தேடிப் பாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் போஸ்டோ கமெண்டோ எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுகூட இல்லை என்றால், போனும் கண்காட்சியும் தெரிந்தவர் சிபாரிசும்தான் அந்தத் துறைக்கு ஏற்ற வழி. அதைக் கிளையண்டிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் யாருடைய கணக்கிலிருந்து போக வேண்டும்? என்னுடையதா, கிளையண்டுடையதா?

இந்தத் தொழிலின் மையக் கேள்வி இதுதான். பல கிளையண்ட் வைத்திருப்பவர்கள் சறுக்கும் இடமும் இதுதான்.

லிங்க்ட்இன் விதிகளின்படி ஒரு மனிதருக்கு ஒரே கணக்கு. அதைத் தன் உண்மைப் பெயரில் வைத்திருக்க வேண்டும், கடவுச்சொல்லை ரகசியமாக வைக்க வேண்டும், வேறொருவரோடு பகிரக் கூடாது. ஆகவே கிளையண்டுக்கு ஒன்றாக ஐந்து போலி ப்ரொஃபைல் திறப்பதும், யாரோ ஒருவரின் கணக்கை வாடகைக்கு எடுப்பதும், கிளையண்டின் கணக்குக்குள் புகுந்து அவராகவே பேசுவதும் விதிக்குப் புறம்பு. விதியை ஒரு பக்கம் வைத்துவிட்டு மனிதராக யோசித்தாலும் இது சரியில்லை. பதில் எழுதுகிறவர் ஒரு நிறுவனரோடு பேசுகிறோம் என்று நம்பித்தான் தன் நிறுவனத்தின் சிக்கலைச் சொல்கிறார். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் நாளைக்கு வியாபாரமே நடக்க வேண்டும்.

நேர்மையான வழிகள் நான்கு இருக்கின்றன. முதலாவது, நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது: கிளையண்ட் தன் கணக்கில் தானே உட்கார்வார், மற்ற எல்லாவற்றையும் நீங்கள் தயார் செய்து கொடுப்பீர்கள். இன்றைக்கு யாருக்கு ரிக்வெஸ்ட் போக வேண்டும், ஏன் அவர், அவருடைய எந்தப் போஸ்டைப் படிக்க வேண்டும், என்ன எழுதலாம், நேற்று பதில் சொன்னவருக்கு என்ன கேட்கலாம் என்று ஒரே பக்கத்தில் கொடுத்தால், அனுப்ப அவருக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். “அதற்கும் எனக்கு நேரமில்லை” என்று சொல்லும் கிளையண்டுக்கு லீட் வந்தாலும் பேச நேரம் இருக்காது. ஒப்பந்தத்துக்கு முன்பே அதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது.

இரண்டாவது, உங்கள் சொந்தக் கணக்கில், உங்கள் சொந்தப் பெயரில், “இந்த நிறுவனத்தின் வணிக வளர்ச்சி வேலையைச் செய்கிறேன்” என்று வெளிப்படையாகச் சொல்லிப் பேசுவது. இது ஒன்றிரண்டு கிளையண்டுக்குச் சரிப்படும். ஒரே கணக்கிலிருந்து திங்கட்கிழமை காப்பீடு, செவ்வாய்க்கிழமை மென்பொருள், புதன்கிழமை பேக்கேஜிங் என்று அனுப்பினால் உங்கள் பெயரின் மதிப்பு கரைந்துவிடும்.

மூன்றாவது, கிளையண்டின் நிறுவனப் பக்கம். பக்கத்துக்கு உங்களை அட்மினாகச் சேர்த்துவிடலாம், கடவுச்சொல் கைமாற வேண்டியதே இல்லை. ஆனால் பக்கத்திலிருந்து யாருக்கும் கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாது. நான்காவது விளம்பரம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கிளையண்ட் அவராகவே பாஸ்வேர்டைத் தருகிறேன் என்கிறாரே?

வாங்காதீர்கள். அந்த இன்பாக்ஸில் அவருடைய முதலீட்டாளர், பழைய முதலாளி, வேலை தேடும் நண்பர் என்று உங்களுக்குச் சம்பந்தமில்லாத பேச்சுகள் கிடக்கும். வேறு ஊரிலிருந்து புதிய கருவியில் உள்நுழைவது தளத்தின் பாதுகாப்புச் சோதனையையும் கிளப்பும். கணக்கு முடங்கினால் பழி உங்கள் தலையில் விழும்.

தானாகவே ரிக்வெஸ்ட் அனுப்பும் ஆட்டோமேஷன் டூல்களை எல்லோரும் பயன்படுத்துகிறார்களே?

பலர் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. பாட், ப்ரௌசர் எக்ஸ்டென்ஷன், தகவலை உறிஞ்சியெடுக்கும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் லிங்க்ட்இன் விதிகள் தடை செய்கின்றன என்பதும் உண்மை. தகவல் உறிஞ்சுவது பற்றிப் பேசும்போது லிங்க்ட்இன் ப்ரொஃபைல்களிலிருந்து தகவல் எடுத்துவந்த ஹைக்யூ லேப்ஸ் என்ற நிறுவனத்துக்கும் லிங்க்ட்இனுக்கும் நடந்த வழக்கைச் சிலர் மேற்கோள் காட்டி, “கோர்ட்டே அனுமதித்துவிட்டது” என்பார்கள். பாதிக் கதை அது. பொதுவில் திறந்திருக்கும் ப்ரொஃபைல்களை எடுப்பது அமெரிக்காவின் கணினி ஊடுருவல் சட்டத்தின் கீழ் வராமல் போகலாம் என்ற அளவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இலும் 2022இலும் அந்த நிறுவனத்துக்குச் சாதகமாகச் சொன்னது. ஆனால் 2022 நவம்பரில் கீழ் நீதிமன்றம் அதே நிறுவனம் லிங்க்ட்இனின் பயனர் ஒப்பந்தத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் வழக்கு லிங்க்ட்இனுக்குச் சாதகமான சமரசத்தில் முடிந்தது.

வழக்கைவிட எனக்குக் கவலை தருவது வேறு. டூல் ஓடுவது உங்கள் யோசனையில், முடங்குவது கிளையண்டின் கணக்கு. அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த தொடர்புகள், பெற்ற சிபாரிசுக் குறிப்புகள், நடந்த உரையாடல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இன்னொருவருடைய சொத்தைப் பணயம் வைத்து நம் நேரத்தை மிச்சப்படுத்தும் உரிமை நமக்கில்லை.

செய்தி அனுப்பும் வேலையைத் தவிர மற்றதற்குக் கருவிகள் தாராளமாகக் கைகொடுக்கும். சிஆர்எம் (யாரோடு என்ன பேசினோம் என்று பதிந்துவைக்கும் மென்பொருள்), நினைவூட்டல், காலண்டர் இணைப்பு, நாள்வாரித் தயாரிப்புப் பக்கம் இவற்றில் எவ்வளவு தானியக்கம் வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

வாரத்துக்கு எத்தனை ரிக்வெஸ்ட் அனுப்பலாம்?

வார வரம்பு இருக்கிறது. லிங்க்ட்இன் அதை எண்ணாக அறிவிப்பதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 100 என்ற கணக்கை வைத்துக்கொள்கிறார்கள். நான் அதற்கும் கீழேயே நிற்கச் சொல்வேன். ஏற்கப்படாமல் கிடக்கும் பழைய ரிக்வெஸ்ட்களை மாதம் ஒருமுறை திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற்றபின் அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். மொத்தக் கனெக்‌ஷன் உச்சவரம்பு 30,000. அதை எட்டியிருக்கும் கிளையண்ட் அபூர்வம்.

ஒரே ஆள் எத்தனை கிளையண்டைக் கவனிக்க முடியும்?

கணக்குகளின் வரம்பு உங்களைத் தடுக்காது, கவனத்தின் வரம்புதான் தடுக்கும். ஒரு கிளையண்டின் தொழிலை அவருடைய வாடிக்கையாளர் பேசும் மொழியில் பேசத் தெரிந்தால்தான் செய்தி எடுபடும். அந்த அளவுக்கு ஒரே நேரத்தில் நான்கு தொழிலைத் தலையில் வைத்திருப்பதே பெரிய காரியம். ஐந்தாவது கிளையண்டைச் சேர்த்ததும் எழுத்தில் அது தெரிந்துவிடும்: எல்லோருக்கும் போகும் செய்தி ஒன்றுபோலவே ஒலிக்கத் தொடங்கும்.

ஒரு நாளில் எல்லா கிளையண்ட் வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யாதீர்கள். தேடலும் பட்டியலும் எழுத்தும் ஒரு கிளையண்டுக்கு ஒரு அரைநாள் என்று முழுதாக ஒதுக்குங்கள். வந்த பதில்களைப் பார்ப்பது மட்டும் தினமும், எல்லோருக்கும், காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும். ஃபோல்டர், ஷீட், சிஆர்எம் எல்லாம் கிளையண்டுக்குத் தனித்தனி. ஒரே ஷீட்டில் ஒரு நெடுவரிசை வைத்து ‘கிளையண்ட் பெயர்’ என்று வடிகட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒரு நாள் வடிகட்ட மறந்து காப்பி எடுத்தால், ஒருவருடைய பட்டியல் இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

நிறுவனப் பக்கங்களும் விளம்பரக் கணக்குகளும் பல இருந்தால், லிங்க்ட்இன் 2022இல் கொண்டுவந்த பிசினஸ் மேனேஜர் வசதியில் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து, அவரவர் உரிமை அவரவரிடமே இருக்க, கவனிக்கலாம்.

ஒரே துறையில் இரண்டு கிளையண்ட் வந்தால் எடுக்கலாமா?

ஒரே பொருளை ஒரே ஆட்களுக்கு விற்கிறார்கள் என்றால் எடுக்கக் கூடாது. எவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்தாலும், ஒருவருக்காகத் தேடியபோது கண்ணில் பட்ட நல்ல ஆளை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வரும். அதற்கு நியாயமான பதில் கிடையாது.

ஒரே ஆட்கள், ஆனால் வெவ்வேறு பொருள் என்றால் நிலைமை வேறு. ஒரு கிளையண்ட் தொழிற்சாலை மனிதவளத் தலைவர்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் விற்கிறார், இன்னொருவர் அதே தலைவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் எடுக்கலாம், இருவரிடமும் சொல்லிவிட்டு. ஒருவருக்காகத் தொடர்புகொண்ட ஆளை இன்னொருவருக்காகக் குறைந்தது சில மாதங்களாவது தொடாமல் வைப்பது என்று விதி போட்டுக்கொள்ளுங்கள். ஒருவரிடம் உரையாடலில் தெரிந்துகொண்ட ரகசியம் இன்னொருவரின் செய்தியில் தலைகாட்டவே கூடாது. “அவர்கள் இப்போது மென்பொருள் மாற்றப் போகிறார்கள்” என்பது முதல் கிளையண்டுக்குச் சொந்தமான தகவல்.

சரியான ஆட்களை எப்படித் தேடுவது?

பதவிப் பெயரை மட்டும் நம்பித் தேடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரே வேலைக்கு ஒரு நிறுவனத்தில் ‘ஆபரேஷன்ஸ் ஹெட்’ என்பார்கள், இன்னொன்றில் ‘பிளான்ட் மேனேஜர்’, சிறிய நிறுவனத்தில் அது ‘இயக்குநர்’. கிளையண்டிடம் கடைசியாக வாங்கிய வாடிக்கையாளர்களின் பெயர்களைக் கேட்டு, அவர்களுடைய ப்ரொஃபைலைத் திறந்து, அவர்கள் தங்களை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொற்களை ஆர், ஆண்ட், நாட் என்ற இணைப்புச் சொற்களோடு, ஆங்கிலப் பெரிய எழுத்தில், தேடல் பெட்டியில் கொடுங்கள். ‘மேனேஜர்’ என்று தேடி ‘அசிஸ்டென்ட்’ வேண்டாம் என்று நாட் போட்டாலே குப்பை பாதி குறையும்.

இலவசக் கணக்கில் வணிக நோக்கத்தோடு அதிகம் தேடினால் மாத வரம்பு குறுக்கே வரும், மாதம் பிறந்ததும்தான் அது நீங்கும். லிங்க்ட்இனின் கட்டணத் தேடல் சேவையான சேல்ஸ் நேவிகேட்டரில் ஒரு தேடலுக்கு 2,500 முடிவுகள் வரைதான் காட்டும். அதற்கு மேல் வந்தால் நாடாகவோ நிறுவன அளவாகவோ உடைத்துத் தேடுங்கள். உண்மையில் ஆயிரக்கணக்கில் முடிவு வந்தாலே தேடல் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு வடிகட்டிகளை எல்லாக் கிளையண்டுக்கும் போட்டுப் பார்ப்பேன். கடந்த 90 நாளில் வேலை மாறியவர்கள் ஒன்று. புதிதாகப் பொறுப்பேற்றவர் பழைய சப்ளையரை மறுபரிசீலனை செய்யும் காலம் அது. கடந்த 30 நாளில் போஸ்ட் எழுதியவர்கள் மற்றொன்று. செய்தியைப் பார்க்கவாவது பார்ப்பார்கள். அதோடு, அவர்கள் எழுதியதிலிருந்தே பேச்சைத் தொடங்கவும் முடியும்.

முதல் செய்தியில் என்ன எழுதுவது?

இலவசக் கணக்கில் ரிக்வெஸ்டோடு குறிப்பு சேர்க்க மாதத்துக்குச் சில வாய்ப்புகள்தான் உண்டு, அதுவும் 200 எழுத்துக்குள். பிரீமியத்தில் 300. ஆகவே விற்க அதில் இடமே இல்லை. ஏன் உங்களை, ஏன் இப்போது என்ற இரண்டுக்கு மட்டும் இடம் இருக்கிறது.

வழக்கமாகப் போவது இப்படி இருக்கும்: “வணக்கம். உங்கள் ப்ரொஃபைல் மிகவும் ஈர்த்தது. நாங்கள் கிடங்கு மேலாண்மைத் தீர்வுகளில் முன்னணி நிறுவனம். 15 நிமிடம் பேசலாமா?” இதை வாசிக்கிறவருக்கு, ஆயிரம் பேருக்குப் போன செய்தி இது என்று இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

அதே ஆளுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: “இரண்டாவது கிடங்கு திறந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு இடத்துக்கும் ஸ்டாக் கணக்கு ஒன்றாக வருகிறதா, தனித்தனியாகவா? இதே சிக்கலில்தான் நான் வேலை செய்கிறேன், அதனால் கேட்கிறேன்.” இதில் புகழ்ச்சி இல்லை, மீட்டிங் கேட்கவில்லை. அவர் தினமும் யோசிக்கிற ஒன்றைப் பற்றிய கேள்வி இருக்கிறது. அது கிளையண்டின் அனுபவத்திலிருந்து வருகிறது என்பதால் அவர் பெயரில் போவதும் பொருந்துகிறது. இந்தக் கேள்வியை நீங்கள் கற்பனையில் எழுத முடியாது. “புதிய வாடிக்கையாளர் உங்களிடம் முதலில் என்ன புலம்புவார்?” என்று கிளையண்டிடம் கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் புலம்பல்களின் பட்டியல் எந்த டெம்ப்ளேட்டை விடவும் அதிக நாள் உழைக்கும்.

செய்தியை எழுத ஏஐ உதவியை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். வரைவுக்கு எடுங்கள். அதில் எதிராளியைப் பற்றி வரும் ஒவ்வொரு தகவலையும் அவருடைய ப்ரொஃபைலில் பார்த்துச் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்.

பதில் இல்லையென்றால் எத்தனை முறை ஃபாலோ அப்?

இரண்டு. முதலாவது ஒரு வாரம் கழித்து, புதிதாக ஏதாவது ஒன்றோடு: ஒரு தகவல், ஒரு கட்டுரை, இன்னொரு கேள்வி. “என் முந்தைய செய்தியைப் பார்த்தீர்களா” என்பது மட்டும் வேண்டாம். இரண்டாவது சில வாரம் கழித்து. அதற்குப் பிறகு விட்டுவிட்டு, அவர் போஸ்டில் சொல்ல உருப்படியாக ஏதாவது இருந்தால் மட்டும் கமெண்ட் எழுதச் சொல்லுங்கள்.

கிளையண்டுக்குப் போஸ்டும் எழுதித் தர வேண்டுமா?

ரிக்வெஸ்ட் வந்ததும் எவரும் முதலில் செய்வது அனுப்பியவரின் ப்ரொஃபைலைத் திறப்பது. அங்கே 2019இல் போட்ட பண்டிகை வாழ்த்துதான் கடைசிப் போஸ்ட் என்றால் நம்பிக்கை வராது. அந்த அளவுக்காவது போஸ்ட் தேவை. வாரத்துக்கு ஒன்று போதும்.

எழுதித் தருவதில் தவறில்லை, சரக்கு கிளையண்டுடையதாக இருக்கும்வரை. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் அவரோடு பேசிப் பதிவு செய்யுங்கள். எந்த ஆர்டரில் சிக்கல் வந்தது, எதை வேண்டாம் என்று சொன்னார், புதிதாக வாங்குபவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்று கேளுங்கள். நான்கு வாரத்துக்கான விஷயம் அதிலேயே கிடைத்துவிடும். அவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியாக வேண்டும். நடக்காத கதையை நடந்ததாக எழுதித் தருவதற்கு எவ்வளவு கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ப்ரொஃபைலையும் அப்போதே சீர் செய்யுங்கள். பெயருக்குக் கீழே வரும் வரியில் ‘நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி’ என்பதைவிட, யாருக்கு என்ன செய்து தருகிறார் என்று இருப்பது மேல்.

பதில் வந்துவிட்டது. அடுத்து?

லீட் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். காலையில் ஒருவர் ஆர்வமாகப் பதில் எழுதுகிறார், கிளையண்ட் மூன்று நாள் கழித்துப் பார்க்கிறார். அன்றே பதில் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, கிளையண்ட் பக்கத்தில் இதற்கென்று ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கும் கைமாற்றுக் குறிப்பில் அவர் யார், என்ன கேட்டார், அவர் சொன்ன வாக்கியம் அப்படியே, நாம் என்ன வாக்களித்திருக்கிறோம் என்ற நான்கும் இருக்க வேண்டும். கிளையண்ட் பேசத் தொடங்கும்போது எதிராளி எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டி வந்தால், அதுவரை உண்டான நெருக்கம் போய்விடும்.

“இப்போதைக்கு வேண்டாம், ஏப்ரலில் பார்க்கலாம்” என்பது மறுப்பு அல்ல. அதற்குத் தனிப் பட்டியல் வையுங்கள். நீண்ட நாள் ஓடும் வேலையில் நல்ல மீட்டிங்குகள் அந்தப் பட்டியலிலிருந்துதான் வருகின்றன. “வேண்டவே வேண்டாம்” என்றவரை அன்றே தொடர்புகொள்ளக் கூடாத பட்டியலுக்கு மாற்றுங்கள்.

சேல்ஸ் நேவிகேட்டரும் இன்மெயிலும் வாங்க வேண்டுமா?

தேடல் வேலைக்கு உங்களுக்கு ஒன்று தேவைப்படும். கிளையண்டுக்கு உடனே வேண்டாம், இரண்டு மாதம் இலவசக் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். சேல்ஸ் நேவிகேட்டரின் அடிப்படைத் திட்டத்தில் மாதம் 50 இன்மெயில் (தொடர்பில் இல்லாதவருக்கும் நேரடியாக அனுப்பும் செய்தி) கிடைக்கும். 90 நாளுக்குள் பதில் வந்தால் அந்தக் கிரெடிட் திரும்பி வரும். அதாவது பொருத்தமாக அனுப்புகிறவருக்கு அதிகமாகவும், கண்டபடி அனுப்புகிறவருக்குக் குறைவாகவும் கிடைக்கும் ஏற்பாடு அது.

விளம்பரம் பயன்படுமா?

பணம் செலவழிக்கத் தயாரான கிளையண்டுக்குப் பயன்படும். பல கிளையண்ட் வேலைக்கு இது மிகச் சுத்தமான வழியும்கூட: விளம்பரக் கணக்கு கிளையண்டுடையது, உங்களுக்குத் தேவையான பொறுப்பு மட்டும் தரப்படுகிறது. விளம்பரத்தோடு வரும் லீட் ஜென் ஃபார்ம் என்ற படிவத்தில் உறுப்பினரின் பெயர், பதவி, மின்னஞ்சல் தானாக நிரம்பிவிடுவதால் சுலபமாக அனுப்பிவிடுவார்கள். அந்தச் சுலபமே ஒரு குறை. யோசிக்காமல் அனுப்பியவர்களும் அதில் இருப்பார்கள். அவர் கையால் தட்டச்சு செய்ய வேண்டிய ஒரு கேள்வியைச் சேருங்கள். எண்ணிக்கை குறையும், தரம் ஏறும். ஃபார்மில் வந்த விவரங்களை 90 நாளுக்குள் தரவிறக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

தனியுரிமைச் சட்டங்கள் இதில் வருமா?

வரும். நாம் தொடர்புகொள்ளும் ஆள் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அலுவலகப் பதவியும் பெயரும் அதில் தனிநபர் தகவல்தான். தகவலை எங்கிருந்து எடுத்தோம் என்பதை, அதைக் கொண்டு அவரைத் தொடர்புகொள்கிறோம் என்றால் அந்த முதல் தொடர்பிலாவது சொல்ல வேண்டும். விற்பனைக்காகத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் நிறுத்த வேண்டும். கிளையண்டின் சார்பில் நீங்கள் தகவலைக் கையாளும்போது இருவருக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். வேறு நாடுகளுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் இருக்கிறது. கிளையண்டின் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை லீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. லீட்டுக்குப் பணம் என்றால், அரைகுறை ஆர்வத்தையும் லீட் என்று கணக்கில் ஏற்ற உங்களுக்கே கை துறுதுறுக்கும். கிளையண்டோ, வந்த ஒவ்வொன்றையும் “இது லீட்டே இல்லை” என்பார். மாதக் கட்டணம் வாங்குங்கள், குறைந்தது மூன்று மாதத்துக்கு. நடந்த மீட்டிங்குக்குச் சிறு ஊக்கத்தொகை சேர்த்துக்கொண்டால் இருவருக்கும் ஒரே திசையில் ஆர்வம் இருக்கும். ஏன் மூன்று மாதம் என்றால், முதல் மாதம் ப்ரொஃபைலுக்கும் பட்டியலுக்கும் போய்விடும். உரையாடல் சூடு பிடிக்க இரண்டாவது மாதம் ஆகும்.

ரிப்போர்ட்டில் எதைக் காட்டுவது?

பார்வை எண்ணிக்கையையும் லைக்கையும் கடைசி வரியில் வையுங்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: 80 ரிக்வெஸ்ட் போனது, 30 பேர் ஏற்றார்கள், 10 பேர் பதில் எழுதினார்கள், 3 பேருக்குத் தேவை இருந்தது, 1 மீட்டிங் நடந்தது. ஏற்பவர்கள் குறைவென்றால் பட்டியலோ ப்ரொஃபைலோ சரியில்லை. ஏற்றும் பதில் எழுதவில்லை என்றால் செய்தி சரியில்லை. பதில் வந்தும் தேவை இல்லை என்றால் ஆள் தேர்வு தவறு. தேவை இருந்தும் மீட்டிங் இல்லை என்றால் கைமாற்றத்தில் ஓட்டை. இப்படிப் படித்தால் அடுத்த மாதம் எதை மாற்றுவது என்பது விவாதமே இல்லாமல் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு கிளையண்டின் எண்ணை இன்னொரு கிளையண்டிடம் ஒப்பிட்டுச் சொல்லாதீர்கள், பெயர் மறைத்துக்கூட.

தளம் தரும் சோஷியல் செல்லிங் இண்டெக்ஸ் என்ற 100க்கான மதிப்பெண்ணைச் சிலர் ரிப்போர்ட்டில் பெரிதாகப் போடுகிறார்கள். தன் பழக்கத்தைத் தானே கவனிக்க அது உதவும். கிளையண்டின் வியாபாரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஒப்பந்தம் முடிந்தால் பட்டியலும் உரையாடலும் யாருக்கு?

கிளையண்டுக்கு. முழுவதும். அவர் கணக்கிலேயே வேலை நடந்திருந்தால் கனெக்‌ஷனும் பேச்சும் ஏற்கெனவே அவரிடம்தான் இருக்கும். மேலே சொன்ன முதல் வழியை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம். நீங்கள் கொடுக்க வேண்டியது சிஆர்எம் பதிவுகள், “ஏப்ரலில் பார்க்கலாம்” பட்டியல், தொடர்புகொள்ளக் கூடாத பட்டியல், எந்தச் செய்தி எடுபட்டது என்ற குறிப்புகள். கொடுத்துவிட்டு உங்கள் பிரதியை அழித்து, அழித்ததை ஒரு மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். நிறுவனப் பக்கத்திலும் விளம்பரக் கணக்கிலும் உங்கள் பெயரை நீக்கச் சொல்லுங்கள். அவர்கள் மறந்துவிட்டால் நீங்களே விலகிக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் மட்டும்தான் சூப்பர் அட்மின் (பக்கத்தின் முழு உரிமையும் உள்ளவர்) என்ற நிலை இருந்தால் முதலில் கிளையண்ட் பக்கத்தில் ஒருவரை அந்தப் பொறுப்பில் சேர்த்துவிட்டு விலகுங்கள்.